முன்கண்ணாடி ஒழுகினால் பில்லரைப் பாருங்கள்

முன்கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் கசிந்தால் யார் கையும் முதலில் சிலிக்கான் டியூபைத்தான் தேடும். எங்கள் வண்டியை எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவரும் அதையே செய்திருந்தார். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் ரப்பரைச் சுற்றி வெள்ளை, கறுப்பு, நிறமில்லாதது என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சு. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோது அந்தப் பூச்சுக்கு அடியில் இருந்த தகர விளிம்பு, நகத்தால் கீறினாலே உதிர்ந்தது.

இந்த வேலை முழுவதையும் கூடவே இருந்து பார்த்த பிறகு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. பழைய வண்டியில் தகரம் வெடிப்பதும் கண்ணாடி ஒழுகுவதும் இரண்டு கோளாறு இல்லை. பாடி எங்கோ அளவுக்கு மீறி அசைகிறது. அந்த அசைவைத் தாங்க முடியாத இடத்தில் தகரம் வெடிக்கிறது, பக்கத்திலேயே ரப்பர் பிடி விடுகிறது. தகர வேலை செய்யும் டிங்கரிடம் ஒரு நாள், கண்ணாடிக்காரரிடம் ஒரு நாள் என்று தனித்தனியாகப் போனால் இரண்டும் திரும்ப வரும்.

எங்கள் வண்டி பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆள் ஏற்றி இறக்கிய சின்ன பஸ். கரூரில் பாடி கட்டியது. மில்லில் ஓடி முடிந்த பிறகு ஒருவர் வாங்கி, முன் சீட்டை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு படுக்கை, ஒரு சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்திருந்தார். அந்தக் கழிப்பறைக்காகத்தான் நாங்கள் வாங்கினோம். என் மாமியாருக்கு முட்டி முடியாது. வழியில் எங்கே இறங்குவது என்ற பயத்திலேயே கோயில், கல்யாணம், ஒறம்பரை வீடு எதற்கும் வராமல் இருந்தார். இந்த வண்டி வந்த பிறகு பவானிக்கும் பழனிக்கும் போய் வருகிறார். அவர் உட்காரும் இடம் இடது பக்கம் முதல் சீட். தண்ணீர் சொட்டியதும் சரியாக அங்கேதான்.

காங்கேயம் பக்கம் மழை குறைவு. இங்கே ரப்பரைக் கெடுப்பது வெயில்தான். வருடம் முழுக்கக் காய்ந்து, இறுகி, சுருங்கிப் போன ரப்பர், ஆனி ஆடியில் மேற்கே போகும்போதுதான் தன் நிலைமையைக் காட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு எதிரே பொள்ளாச்சி ரோட்டில் ஓட்டினால் சின்னத் தூறல்கூடக் கண்ணாடியில் அறைந்து ரப்பர் இடுக்கைத் தேடிப் போகும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த வழியில் ஏறி இறங்கிய பிறகுதான், இடது முன் பில்லர், அதாவது கண்ணாடிக்குப் பக்கத்தில் கூரையைத் தாங்கி நிற்கும் தூண், அதன் அடியில், கண்ணாடியின் கீழ் மூலையிலிருந்து டேஷ்போர்டு பக்கம் பெயிண்டில் ஒரு முடி போன்ற கோடு கண்ணில் பட்டது.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு கோவையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தவள். பம்பு உடலில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடுவதுதான் அங்கே என் தினசரி வேலை. அதனால் பெயிண்டில் தெரியும் கோட்டை நான் நம்புவதில்லை. பெயிண்டு மட்டும் வெடித்திருக்கலாம், அல்லது அடியில் இருக்கும் விரிசல் அந்தக் கோட்டைவிட இரண்டு மடங்கு நீளமாக இருக்கலாம்.

வெள்ளகோவில் பக்கம் சின்னதாகப் பட்டறை போட்டிருக்கும் ஒரு மேஸ்திரியிடம் வண்டியை விட்டோம். அந்தக் காலத்தில் கரூரில் பஸ் பாடி கட்டிய கை. லாரி பாடி என்றால் நாமக்கல், போர் போடும் ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு, பஸ் பாடி என்றால் கரூர் என்று நம் சீமையில் சும்மாவா சொல்கிறார்கள்! பில்லர் எங்கே பைப், எங்கே மடித்த தகரம் என்று தட்டிப் பார்த்தே சொன்னார். சொல்லிவிட்டு, "அம்மிணி, வெல்டு வைக்கறது அரை நாள் வேலைங்க. எதுக்கு ஒடஞ்சுதுன்னு பாக்காம வெச்சம்னா, வெல்டுக்குப் பக்கத்துலயே மறுக்கா ஒடையுமுங்க" என்றார். அதைக் கேட்டதும் வண்டி சரியான இடத்துக்கு வந்திருக்கிறது என்று தைரியம் வந்தது.

பெயிண்டைச் சுரண்டித் தகரத்தைப் பளிச்சென்று எடுத்தோம். நான் விரிசலைக் காட்டும் பெனட்ரன்ட் டப்பா மூன்றையும் வாங்கிப் போயிருந்தேன். சுத்தம் செய்யும் திரவம் போட்டுத் துடைத்து, சிவப்புச் சாயம் அடித்து, பத்து நிமிடம் விட்டேன். பிறகு துணியில் திரவத்தை நனைத்து மேலாகத் துடைக்க வேண்டும். நேராக அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும். அப்புறம் வெள்ளைப் பொடி. விரிசலுக்குள் தங்கிய சிவப்பு மெல்ல ஊறி வெளியே வந்து கோடாக நிற்கும். மேஸ்திரி தன் வழியையும் வலது பில்லரில் செய்து காட்டினார். டீசலைத் தடவி, கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி பூசினார். அந்தப் பக்கமும் ஒரு சின்ன விரிசல் ஈரக் கோடாகத் தெரிந்தது. நாங்கள் யாரும் அதுவரை வலது பக்கத்தைச் சந்தேகப்படவே இல்லை. பெனட்ரன்டுக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் இந்த டீசல் வழியையாவது செய்யுங்கள். நல்ல வழிதான். மிக மெல்லிய நுனியை மட்டும் அது தவறவிடலாம்.

இடது பக்க விரிசல் கண்ணாடி மூலையில் தொடங்கிப் பில்லரின் முன்முகத்தைக் கடந்து பக்கவாட்டுக்குத் திரும்பியிருந்தது. மூலையில் தொடங்கியதில் ஆச்சரியம் இல்லை. தகரத்தில் ஓட்டை வெட்டினால் அதன் மேல் வரும் இழுவையெல்லாம் ஓட்டையின் மூலைகளில்தான் குவியும். மூலை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு குவியும். பஸ்ஸின் பக்கங்களிலும் பின்னாலும் தகரம் இழுத்துப் பிடிக்கிறது. முன்னால் இருப்பது கண்ணாடிக்கான ஒரு பெரிய திறப்பு மட்டும்தான். ரப்பரில் உட்காரும் கண்ணாடி பாடிக்குப் பலம் சேர்க்காது. ஒரு சக்கரம் மேலே ஏறி மறு சக்கரம் கீழே இருக்கும்போது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் முறுக்கும், முறுக்கத்தான் வேண்டும். அந்த முறுக்கு மேலே வந்து சேரும் இடம் முன் பில்லர்களின் கால்.

ஆனால் இத்தனை வருடம் மில்லுக்கு ஓடியபோது வெடிக்காதது இப்போது ஏன் வெடித்தது? பதில் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, கூரையில். வண்டியை வீடாக மாற்றியவர் 200 லிட்டர் தண்ணீர் டேங்கை டிரைவர் தலைக்கு மேலே வைத்திருந்தார். நிறைத்தால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. அவ்வளவு எடை உச்சியில் இருந்துகொண்டு ஒவ்வொரு வளைவிலும் முன்பக்கத்தை ஆட்டுகிறது. இரண்டாவது, அடியில். பாடியின் குறுக்குச் சட்டங்களை சேஸிஸோடு பிடிக்கும் யு போல்டுகளில் இடது முன்னால் இருந்தது தளர்ந்து கையாலேயே சுற்றியது. நடுவில் இருந்த ரப்பர் பேக்கிங் நசுங்கித் தாள் போல ஆகியிருந்தது. அந்த மூலையில் பாடி சேஸிஸைத் தொடாமலே தொங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

வெல்டிங் மிஷினை எடுப்பதற்கு முன் மேஸ்திரி டேப்பை எடுத்தார். கண்ணாடித் திறப்பை மூலைக்கு மூலை அளந்தால் ஒரு குறுக்குக்கும் மறு குறுக்குக்கும் 9 மி.மீ. வித்தியாசம். சட்டம் சாய்ந்து நிற்கிறது. இந்தச் சாய்விலேயே வெல்டு வைத்தால் சாய்வு நிரந்தரமாகிவிடும், எந்த ரப்பர் போட்டாலும் ஒரு மூலை இறுக்கமாகவும் எதிர் மூலை தளர்வாகவும்தான் இருக்கும். அதனால் முதலில் டேங்கைக் கூரையிலிருந்து இறக்கினோம். அது இப்போது தரைக்கு அடியில், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு சின்ன பம்பு சேர்க்க வேண்டியதாயிற்று. பேக்கிங் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, ஜாக்கி கொடுத்து, யு போல்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினார். வித்தியாசம் 2 மி.மீ.க்கு வந்தது. விரிசலின் வாயும் அப்போதே பாதி மூடிக்கொண்டது. எந்த டிங்கரிடம் வண்டியை விட்டாலும் இந்த மூலை அளவை எடுத்தாரா என்று கேளுங்கள். எடுக்காமல் வெல்டிங் ராடைக் கையில் எடுப்பவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் டயோடு போகலாம். வீடாக மாற்றிய வண்டியில் அதைவிடப் பெரிய பயம் தீ. தகரத்துக்கு உள்பக்கம் பிளைவுட், ஃபோம், வயர் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். பில்லரைச் சுற்றி இரண்டு முழத்துக்குப் பிளைவுட்டைக் கழற்றிவிட்டு, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, தீயணைப்பு உருளையோடு ஒரு பையன் உள்ளேயே நின்றான். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் யாரும் வண்டியை விட்டுப் போகவில்லை. ஃபோம் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும் என்பதால் இதில் அவசரமே கூடாது. ஜி.ஐ. தகரம் என்றால் வெல்டு வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை அரைத்து எடுத்துவிட வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவு காய்ச்சல் வரும். பட்டறைகளில் இதற்குப் பால் குடிக்கச் சொல்வார்கள். பால் புகையைத் தடுக்காது. காற்றோட்டமும் முகமூடியும்தான் தடுக்கும்.

விரிசலின் நுனியைப் பெனட்ரன்ட் காட்டிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, 3 மி.மீ. துளை போட்டு நிறுத்தினோம். கூர்மையான நுனி வட்டமாகிவிட்டால் விரிசல் அங்கிருந்து மேலே எளிதில் ஓடாது. அப்புறம் விரிசலை வி வடிவில் திறந்து, சிஓடூ வாயு விட்டுச் செய்யும் வெல்டிங். இந்தத் தகரம் 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ. ஒரே இழுப்பாக வைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். ஒரு விரல் அகலத்துக்கு இங்கே வைத்தால் அடுத்தது தள்ளி அங்கே, நடுவில் ஆற விட்டு ஆற விட்டு. மேலே அரைத்துச் சமன் செய்த பிறகு உள்பக்கம் ஒரு தாங்கு தகடு. அந்தத் தகட்டைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பக்கமும் நேராக வெட்டிய கனத்த தகடு வைத்திருந்தால், பலம் முடியும் அந்த விளிம்பிலேயே அடுத்த விரிசல் பிறந்திருக்கும். மேஸ்திரி பில்லர் தகரத்தின் கனத்திலேயே எடுத்து, முனைகளை வாழையிலை நுனி போலக் கூராக்கி வளைத்து, முனையின் கடைசியில் வெல்டு வைக்காமல் விட்டார். பலம் மெல்ல மெல்லக் குறைந்து முடிய வேண்டும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் படித்ததைவிட அவர் கை அதை நன்றாக அறிந்திருந்தது.

பக்கவாட்டு ஜன்னல் மூலையில் அலுமினியத் தகட்டிலும் ஒரு விரிசல் இருந்தது. அதைப் பின்னாலிருந்து தகடு கொடுத்து ரிவிட் அடித்தோம். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். நடுவில் பிரைமரும் சீலன்டும் இருந்தே ஆக வேண்டும். சாதாரண பாப் ரிவிட்டின் நடுத்துளை வழியாகவே தண்ணீர் உள்ளே போகும் என்பதால் அடி மூடிய ரிவிட் வாங்குங்கள். பழைய 4 மி.மீ. ஓட்டை தேய்ந்து பெரிதாகியிருந்தால் 4.8 போடலாம்.

இனி ஒழுகல். கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே, வண்டியைப் பட்டறையில் விட்ட அன்றே இதைச் சோதித்திருந்தோம். தண்ணீர் சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பைப்புக்குள் ஓடி, மடிப்பில் தவழ்ந்து, எங்கோ வந்து சொட்டும். அதனால் ஹோஸை மேலேயிருந்து விடக் கூடாது, எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் தெரியாமல் போகும். கீழே தொடங்கி, ஒரு சாண் உயரத்துக்குச் சில நிமிடம் விட்டு, உள்ளே பார்த்து, அப்புறம் அடுத்த சாண். வாட்டர் சர்வீஸ் பிரஷர் வேண்டாம், அது நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே போய் பொய் சொல்லும். உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்திருந்தது என் மாமியார். "என்ற சீட்டுல சொட்டறது எனக்குத்தான தெரியும்" என்று அவரே கேட்டு உட்கார்ந்தார். கீழ் மூலைக்குத் தண்ணீர் வந்ததும் விரிசல் வழியாக ஒரு கோடு இறங்கியது. எதிர்பார்த்ததுதான். ஆனால் கண்ணாடியைக் கடந்து மேலே போனபோது, "கண்ணு, இப்பத்தான் நெசமா வருது, மேலிருந்து வருது" என்று குரல் கொடுத்தார்.

மேலே இருந்தது மில்லின் பெயர்ப் பலகைக்காகக் கட்டிய பெட்டி. அதன் அடித்தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதில் விழுந்த தண்ணீர் பில்லர் பைப்புக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் நின்று, பைப்பை உள்ளிருந்தே தின்று, மிச்சம் சீட்டுக்கு வந்திருக்கிறது. பில்லர் காலில் தகரம் மெலிந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியே எவ்வளவு சிலிக்கான் பூசியிருந்தாலும் இந்தத் தண்ணீரை நிறுத்தியிருக்க முடியாது. பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தகடு வைத்து மூடினோம். ஒவ்வொரு பில்லரின் அடியிலும் 6 மி.மீ. வடிகால் துளை போட்டு, உள்ளே மெழுகு ஸ்பிரே அடித்தோம். பழைய என்ஜின் ஆயிலை அடிப்பவர்கள் உண்டு. அது கசிந்து ரப்பரில் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

சிலிக்கான் மீது எனக்குக் கோபம் இருக்கிறது, காரணத்தோடுதான். புளித்த வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. பெயிண்டு போன தகரத்தில் அது படும்போது துருவுக்கு நாமே வழி செய்கிறோம். காய்ந்த பிறகு அதன் மேல் பெயிண்டும் ஒட்டாது, வேறு சீலன்டும் ஒட்டாது. எங்கள் வண்டியில் பிளேடாலும் கரைப்பானாலும் அதைச் சுரண்டி எடுத்த நேரத்தில் இன்னொரு கண்ணாடியே மாட்டியிருக்கலாம். உதிர்ந்த விளிம்பை வெட்டி எடுத்துப் புது விளிம்பு வைத்தோம். லேசாகத் துருப்பிடித்த இடத்தில் ரஸ்ட் கன்வர்ட்டர் பூசினோம். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை ஆகும் அல்லவா, நாங்கள் வாங்கியதிலும் வேலை செய்வது அதே டானின்தான். துரு கறுத்து நிலைத்துவிடும். மேலே இரண்டு கை எபாக்ஸி பிரைமர், முழுதாகக் காய்ந்த பிறகு பெயிண்டு. பள்ளம் நிரப்பும் பட்டி விளிம்பில் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அசையும் இடத்தில் பட்டி வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

கண்ணாடி இரண்டு தாளும் நடுவில் பிளாஸ்டிக் படலமும் உள்ள லேமினேட்டட் வகை. ஒரு மூலையில் ஈரம் ஏறி வெள்ளை படர்ந்திருந்தது. டிரைவர் பார்வைக்கு வராத இடம் என்பதால் அதே கண்ணாடியை வைத்துக்கொண்டோம். புது ரப்பரை மதிய வெயிலில் போட்டுவைத்து இளக்கி, கண்ணாடியைச் சுற்றி மாட்டி, பாடி விளிம்பு உட்காரும் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றி வைத்தார் மேஸ்திரி. சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே இருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளேயிருந்து அவர் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டே வந்தது. முஷ்டியால் தட்டினால் லேமினேட்டட் கண்ணாடி மூலையில் விரிசல் விட்டுவிடும். கிரீஸ் தடவவும் கூடாது. கடைசியில், ரப்பரின் பள்ளத்தில் செருகி அதை இறுக்கும் லாக் பீடிங். ரப்பரின் உதட்டுக்கு அடியில் இறுகாத கறுப்பு மாஸ்டிக் மட்டும் கொஞ்சம். இறுகும் சீலன்டு போட்டால் அடுத்த முறை கண்ணாடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்டு கண்ணாடியை நேராகத் தகரத்தில் ஒட்டும் புது வண்டிகளுக்கு உரியது.

இரண்டாவது ஹோஸ் சோதனையில் மாமியார் அதே சீட்டில் உட்கார்ந்து, ஒரு சொட்டும் இல்லை என்று சொன்ன பிறகுதான் பணம் கொடுத்தோம். அதற்கப்புறம் வால்பாறையும் போய் வந்தாகிவிட்டது. வந்ததும் பில்லர் காலில் மறுபடி சாயமும் வெள்ளைப் பொடியும் அடித்துப் பார்த்தேன், கோடு இல்லை. யு போல்டுகளைக் கொஞ்சம் ஓடிய பிறகு ஒரு முறை இறுக்கச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. புது பேக்கிங் படிந்ததில் முன்னால் இருந்த இரண்டும் கால் சுற்று வாங்கின.

ரப்பர் வாங்கும்போது பழைய ரப்பரின் குறுக்கு வெட்டை மட்டும் காட்டி வாங்காதீர்கள். விளிம்புக்குப் புதுத் தகரம் வைத்த பிறகு கனம் மாறியிருக்கும். கண்ணாடியின் கனம், விளிம்பின் கனம் இரண்டையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஈ.பி.டி.எம். ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள், வெயிலைத் தாங்கும். கரூரில் பஸ் பாடி சாமான் விற்கும் கடைகளில் பல அளவிலும் நீளக் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். எங்களுக்கு மிஞ்சியதில் ஒரு முழத் துண்டு வீட்டில் கிடக்கிறது. காங்கேயம், தாராபுரம் பக்கம் பழைய பஸ் வைத்திருப்பவர்கள் யாராவது அளவு ஒத்துப் பார்க்க வேண்டும் என்றால் வந்து வாங்கிக்கொண்டு போகலாம்.